ஏழுமலை பெயரில் எல்லாம் நார்மல்

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், பாஸ்போர்ட் எடுத்து வந்தேனா என்பதுதான். எதிரே தெரிந்த மூன்று பெயர்ப்பலகைகளில் இரண்டு கொரிய எழுத்தில் இருந்தன. மூன்றாவது தமிழ்தான். அது ஒரு பல் மருத்துவருடையது, மழையில் பாதி கிழிந்து தொங்கியது. ஐம்பத்திரண்டு வயதுவரை கடல் தாண்டாதவன் நான். நண்பர்கள் சீனா, ஜெர்மனி என்று போய்வந்து பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் திருச்சியில் உட்கார்ந்து அவற்றுக்குப் பிழை திருத்திக் கொடுப்பேன். நமக்கு வாய்த்த வெளிநாடு இவ்வளவுதான் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரி பாகங்களுக்கு முலாம் பூசும் ஒரு தொழிற்சாலை. கணினிப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று அவர்களிடம் இரண்டு ஆங்கிலக் கையேடுகள் இருந்தன. இரண்டையும் நான் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். மொழிபெயர்த்தவரே நேரில் வந்து தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தால் நன்றாக இருக்கும் என்று மனிதவள அதிகாரி கௌதம் தொலைபேசியில் சொன்னார். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை அணைக்கும் விதம். சுற்றுச்சூழல் என்றால் மொட்டைமாடியில் வாடிக்கொண்டிருக்கும் ஒரு துளசி. இதை ஒளிக்காமல் சொன்னேன். "அது பரவால்ல சார். நீங்க காமெடியா பேசுவீங்கன்னு சொன்னாங்க" என்றார். என்னைப் பற்றி இப்படி ஒரு வதந்தி உலவுவது எனக்கே அப்போதுதான் தெரியும்.

லாட்ஜில் காலை உணவு மேசை இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் இட்லி, மறுபக்கம் மிளகாயில் ஊறிய முட்டைக்கோஸ். ஏதோ புதுவகைத் தொக்கு என்று நினைத்து இட்லியின் மேல் தாராளமாக வைத்துவிட்டேன். எதிரே இருந்த கொரிய என்ஜினீயர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அந்த நான்கு நாட்களில் எந்தக் காரணமும் இல்லாமல் எனக்கு ஒருவர் செய்த உதவி அது ஒன்றுதான் என்பதால் குறித்து வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சாலையில் காலையில் போகும் பஸ்கள் எல்லாமே வெள்ளை. எல்லாவற்றிலும் நீலச் சட்டைக்காரர்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போகிறார்கள். நானும் ஒரு வெள்ளை பஸ்ஸில் ஏறினேன். என் கழுத்தில் பழைய இலக்கியக் கூட்டம் ஒன்றில் மாட்டிவிட்ட அட்டை தொங்கியது. அது திரும்பிக் கிடந்ததால் யாரும் படிக்கவில்லை. பஸ் ஒரு வாசலில் நுழைந்தது, காவலர் சல்யூட் அடித்தார், உள்ளே டீயும் கொடுத்தார்கள். கால்மணி நேரம் கழித்து, முலாம் பூசுகிற இடம் எது என்று கேட்டபோதுதான் அது கண்ணாடி செய்கிற தொழிற்சாலை என்று தெரிந்தது. பாதுகாப்பு வகுப்பெடுக்க வந்தவன் அடுத்தவன் கோட்டைக்குள் அட்டையைத் தொங்கவிட்டபடி நுழைந்து டீ குடித்திருக்கிறேன். வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெட்கத்தால் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் சரியான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டுநர் தன் இருக்கையிலேயே இரண்டு பக்கமும் ஆளுக்கொருவரை உட்கார வைத்திருந்தார். ஒரு திருப்பத்தில் ஹேண்டில்பார் யார் கையில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வகுப்பு கேன்டீனுக்குப் பின்னால் ஒரு கூடத்தில் நடந்தது. நாற்பது பேர். இரவு ஷிப்ட் முடித்தவர்களும் இரண்டாம் ஷிப்டுக்குக் காத்திருப்பவர்களும் கலந்திருந்தார்கள். முடித்தவர்களுக்குத் தூக்கம், காத்திருப்பவர்களுக்குப் பசி. நான் முடிந்தவரை கோமாளித்தனம் செய்தேன். தெரியாத மின்னஞ்சலைத் திறக்காதீர்கள், கீழே கிடக்கும் பென் டிரைவை எடுத்துச் செருகாதீர்கள் என்றேன். தகவல் வெளியே கசியக்கூடாது, பதிவை யாரும் மாற்றக்கூடாது, வேண்டிய நேரத்தில் அது கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விளக்கினேன். பிற்பகல் சுற்றுச்சூழல் வகுப்பில் தகவல் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கழிவுநீரை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியில் ஒரு படிவம். என் மொழிபெயர்ப்புத்தான். அதில் ஒரு வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது: 'என் பயனர் பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.' ஆங்கிலத்தில் நாலு வரி ஓடியதை ஒரே வரியில் அடக்கிவிட்ட பெருமையில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. பெயர் ஏழுமலை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். "சார், ஒரு டவுட்டு. எங்க பிளாண்ட்ல நாலு பேரு. எனக்கு மட்டும்தான் யூசர் நேம் கீது. மத்த மூணு பேரும் கான்ட்ராக்ட், அவங்களுக்குக் குடுக்க மாட்றாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி தண்ணி ரீடிங்கைக் கம்ப்யூட்டர்ல போட்டே ஆவணும். நான் லீவு போட்டா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

நல்ல கேள்வி. பதில் இல்லாதபோது நகைச்சுவையாளன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். "யூசர் நேம் உங்க கை மாதிரி ஏழுமலை. லீவுல போறப்ப கையைக் கழட்டி வெச்சுட்டா போறீங்க?" என்றேன். கூடம் சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஓரமாக நின்ற கௌதம், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஏழுமலை படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து அழகாக இருந்தது.

மாலையில் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஏழுமலை அழைத்துப் போனார். முலாம் பூசிக் கழுவிய தண்ணீர் அங்கே பழுத்த இலையின் மஞ்சளில் வந்து விழுகிறது. மருந்து போட்டு, காற்றடித்து, மண்டியை அடியில் தங்கவைத்து, தெளிந்ததைத்தான் வெளியே விட வேண்டும். தொட்டிகளுக்கு நடுவே ஒரு சிறிய அறை. கணினித் திரையின் நெற்றியில் போன ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு சாமி படம், அதன் சட்டத்தில் செருகிய சீட்டில் ஒரு பெண் பெயரும் ஓர் ஆண்டும்.

"பாஸ்வேர்டு சார்" என்றார், அங்கே வேலையிலிருந்த மாரிச்செல்வம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. "ஏழுமலை அண்ணன் மக பேரு. மூணு வருசமா நாங்கதான் அவளை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கூப்பிடுதோம். நாளைக்கு பாஸ்வேர்டுக்குக் காது குத்து. குன்றத்தூர் மலைல."

"டேய், சாரு இப்பத்தான் கிளாஸ் எடுத்துட்டு வராரு" என்றார் ஏழுமலை.

"அதான் சாமி படத்துல மறைச்சு வெச்சிருக்கம்லா" என்றார் மாரிச்செல்வம்.

அந்தக் குழந்தையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதுமானவர்களுக்குத் தெரியும்.

ஏழுமலை இன்னொன்றும் காட்டினார். ரீடிங் எல்லைக்குள் இருந்தால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் தலைமை அலுவலகத்துக்குத் தானாகத் தகவல் போகும். உடனே சூப்பர்வைசருக்குத் தொலைபேசி வரும். தண்ணீர் ஏன் கெட்டது என்று கேட்க மாட்டார்களாம். ஏன் சிவப்பாகப் போட்டாய் என்றுதான் கேட்பார்களாம். "அதுக்காக நான் பொய் போட மாட்டேன் சார். செவப்புன்னா செவப்புதான். அதோ பாரு" என்று மதிலுக்கு மேல் கைகாட்டினார். பின்னால் பனைமரங்களும் ஓர் ஏரியும் தெரிந்தன. "எங்க ஊரு. இந்தத் தண்ணி அங்கதான் போவுது. எங்க அண்ணன் மாடு அதுலதான் குடிக்குது." தொழிற்சாலை நிற்கும் இடத்தில் ஒரு பகுதி அவர்கள் குடும்ப நிலம். நிலத்துக்குப் பதிலாக வந்ததுதான் இந்த நிரந்தர வேலை. அந்த ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடையோடு போய்ச் செம்பரம்பாக்கத்தில் சேரும் என்றார். அங்கிருந்து சென்னைக்கு, அதாவது என் அக்கா வீட்டுக் குழாய்க்கு. அதுவரை மெல்லிய ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள் தண்ணீரை அதன்பிறகு வேறு மாதிரி பார்த்தேன்.

புதன்கிழமை விடியும்போதே மழை. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொண்ட காலம் அது. பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் முலாம் பூசும் லைனுக்கு மட்டும். உற்பத்தி நிற்கக் கூடாது. கழிவு எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம். இருட்டுக் கூடத்தில் இரண்டாவது குழுவுக்கு, பதிவுகளை யாரும் மாற்ற முடியாதபடி காப்பது எப்படி என்று கத்திக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் என் நகைச்சுவை எதுவும் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை. மதியம் கேன்டீனில் சாம்பார் சாதம். ஜன்னல் வழியாக ஒரு நெடி வந்தது, தீக்குச்சி உரசியதும் வருமே அதைப் போல. பக்கத்தில் சாப்பிட்டவரிடம் கேட்டேன். மழை வந்தா அப்படித்தான் என்றார். திருச்சியில் மழை வந்தால் மண்வாசனைதான் வரும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மோருக்குப் போனார்.

வியாழக்கிழமை காலையில் தொழிற்சாலை வாசலை அடைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் மஞ்சள் தண்ணீர். ஒரு பெண் முறத்தில் செத்த மீன்களைக் கொண்டுவந்து காவலர் மேசைமேல் கொட்டினார். ஒரு பசு காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். சரியாக அந்த நேரத்தில் ஏழுமலை வந்து இறங்கினார். புதுச் சட்டை, காலரில் சந்தனம், கையில் கோயில் பிரசாதப் பை. மழையால் இரவு குன்றத்தூரிலேயே தங்கி நேராக வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்கும் ஒரு விபூதிப் பொட்டலம் கொடுத்தார்.

கூட்டத்திலிருந்து வயதில் மூத்த ஒருவர் வந்து அவர் முன்னால் பாட்டிலை நீட்டினார். அவருடைய அண்ணன் என்று பிறகு தெரிந்தது. "இன்னாடா இது? உள்ள நீதானே கீற? நம்ம ஏரில நீயே வுட்டியா?" ஏழுமலை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொழில் பழக்கம். பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். அண்ணனும் கவனித்தார்.

நடந்தது இவ்வளவுதான். மின்சாரம் இல்லாமல் காற்றடிக்கும் மோட்டார்கள் நின்றுவிட்டன. மழை தொட்டியை நிரப்பியது. மாரிச்செல்வம் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். பிறகு ஏரியில் போய் விழும் மழைநீர்க் கால்வாய்க்கான வால்வைத் திறந்துவிட்டார். மின்சாரம் வந்ததும் கணினியில் ஏழுமலை பெயரில் நுழைந்து, விட்டுப்போன ரீடிங்குகளை எல்லாம் பச்சையாகப் போட்டார். 'நார்மல்' என்று குறிப்பும் எழுதினார்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மதியத்துக்கு மேல் வருகிறார் என்று தகவல். அதற்குள் ஒரு பெயர் தயாராக இருக்க வேண்டும். கணினியைக் கேட்டார்கள். அது தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னது.

என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, ஏ.சி., தட்டில் முந்திரி பிஸ்கட். மூன்று அதிகாரிகள், நடுவில் கௌதம். சூப்பர்வைசர் ஒரு மூலையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வத்தை முதலில் கேட்டார்கள். "சூப்பர்வைசர் சார் போன்ல சொன்னாவ, தொறந்தேன்" என்றார். தொட்டி ஏறுது பார்த்துக்கோ என்றுதான் சொன்னேன், திற என்று சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். மாரிச்செல்வத்தின் வாசல் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். கணினியில் அவர் பெயரே கிடையாது. இல்லாத ஆளை விசாரித்து என்ன ஆகப் போகிறது?

பிறகு ஏழுமலை. நேற்று நீ இருந்தாயா என்றார்கள். லீவு, பொண்ணுக்குக் காது குத்து என்றார். வாசல் பதிவேட்டைப் புரட்டினார்கள், லீவுதான். அப்படியானால் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் கொடுத்திருக்கிறாய் என்றார்கள். கொடுத்தால்தானே சார் பிளாண்ட் ஓடும், மூன்று வருஷமாக எல்லோருக்கும் தெரியுமே என்று அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். அந்த எல்லோரும் முந்திரி பிஸ்கட்டைப் பார்த்தார்கள். இருந்திருந்தால் விஷத்தை விட்டது அவர். இல்லாததால் சாவியைக் கொடுத்தது அவர். இதற்கு நடுவே நிற்பதற்கு இடமே இல்லை.

கௌதம் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "இந்த வரியை நீங்க வகுப்புல படிச்சுக் காட்டினீங்களா சார்?"

"காட்டினேன்."

"ஏழுமலைக்கு அது புரிஞ்சுதா?"

இப்படி ஒரு தருணம் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. மூன்று அதிகாரிகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, ஒருமுறையாவது கோமாளித்தனம் இல்லாமல் பேசுவோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "புரிஞ்சதாலதான் கேட்டார். மத்த மூணு பேருக்கும் பேர் கிடையாது, நான் லீவு போட்டா அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எழுந்து நின்னு கேட்டார். அதுக்கு நான் பதில் சொல்லலை. ஜோக் அடிச்சேன். நீங்களும் பதில் சொல்லலை" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. ஏழுமலை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கௌதம் நிதானமாகத் தட்டச்சு செய்தார். அச்சான தாள் என் முன்னால் வந்தது. 'பணியாளர் விதியை நன்கு அறிந்திருந்தார். பயனர் பெயரைப் பகிர்வதால் வரும் சிக்கலை அவரே வகுப்பில் எழுப்பியிருக்கிறார். தெரிந்தே தவறு நடந்துள்ளது என்பது பயிற்றுநரின் வாக்குமூலத்தால் உறுதியாகிறது.'

நான் சொன்னதில் பாதி இல்லையே என்றேன். "நீங்க சொன்னதுக்கு விரோதமா ஒரு வரி இருக்கான்னு பாருங்க சார்" என்றார் கௌதம். பார்த்தேன். இல்லை. பதில் சொல்லப்படாத கேள்விகளைப் பதிவில் ஏற்ற வழியில்லை என்று விளக்கினார். குரலில் கடுமையே இல்லை. தமிழில் ஏதாவது பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்று பேனாவையும் நீட்டினார். முப்பது வருஷப் பழக்கம். ஒரு காற்புள்ளியைச் சரி செய்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். போடாமல் எழுந்து வந்திருக்கலாம். இதை எழுதும்போது அது எவ்வளவு எளிதாகத் தெரிகிறது.

மாலையில் ஏழுமலையைப் பணியிடை நீக்கம் செய்த தாள் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. அதிகாரியிடம் ஒரு பெயர் கொடுத்தாயிற்று. ஊர்க்காரர்களுக்கும் அதே பெயர்தான் சொல்லப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். மழை விட்டிருந்தது. சாலையோரப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் வெள்ளை பஸ்கள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரகடம் நிறுத்தத்தில் ஏழுமலை நின்றிருந்தார். பார்க்காதது போல் திரும்பிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே வந்து என் பெட்டியை வாங்கி, தண்ணீர் படாத இடத்தில் வைத்தார்.

மன்னிப்பு கேட்கத் தொடங்கினேன். பாதி வாக்கியத்திலேயே கையை ஆட்டி நிறுத்தினார். "நீ இன்னா சார் பண்ணுவ. நான் கேட்டதைச் சொன்ன. அந்தக் கேள்வியை நான் கேக்காமயே இருந்திருக்கலாம்." எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் எப்படி என்று கேட்டேன். அண்ணன் பேசுவதில்லை என்றார். பசு வியாழக்கிழமை மதியமே செத்துவிட்டது. காது குத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்ட பந்திப் பாயைக்கூடச் சுருட்டவில்லை, அதற்குள் வீட்டு வாசலில் யாரோ செத்த மீனைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. இந்த நான்கு நாட்களில் நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையாவது செய்திருப்பார்கள் என்ற நப்பாசையும் இருந்தது. "பாஸ்வேர்டையாவது மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

ஏழுமலை சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க சார். மாத்தினா மத்தவனுக்குப் புதுசா யூசர் நேம் குடுக்கணுமே. காலைல ஷிப்ட்ல இருந்து ஒருத்தன் போன் பண்ணான். கம்ப்யூட்டர்ல நான்தான் டூட்டில கீறேனாம். எட்டு மணி ரீடிங் போட்டாச்சாம், பத்து மணி ரீடிங்கும் போட்டாச்சாம். எல்லாம் பச்சை." என் பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். "என் பொண்ணு பேரைத்தான் தட்டிக்கினு கீறாங்க."

என் பஸ் வந்தது. பெட்டியை அவரே ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து மணி பார்த்தேன். பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.